மேற்குத் தொடர்ச்சி மலையில் புற்றுநோய் மருந்தின் மூலப்பொருளைக் கண்ட சென்னை வேதியியலாளர்: டி.ஆர்.கோவிந்தாச்சாரியின் வாழ்வும் பணியும்

பெங்களூரு: பெருங்குடல் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் இரினோடீகன், கருப்பைமுட்டைப் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் டோபோடீகன் ஆகிய இரு மருந்துகளும் ஒரே தாவரப் பொருளில் இருந்து பிறந்தவை. காம்ப்டோதெசின் என்பது அதன் பெயர். முதலில் சீன மரம் ஒன்றில் கண்டறியப்பட்ட இந்தப் பொருள், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஒரு சிறு மரத்திலும் இருக்கிறது என்பதை 1972ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தவர்களில் முதன்மையானவர், சென்னையில் பிறந்த வேதியியலாளர் டி.ஆர்.கோவிந்தாச்சாரி.

பெங்களூரு விவேக் நகரில் இருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஓசூர் சாலையில் கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. அது போன்ற மருத்துவமனைகளில் சிகிச்சை பெறும் பலருக்கும் இரினோடீகன் என்ற பெயர் பழக்கமானதே. ஆனால், அந்த மருந்தின் மூலப்பொருளுக்கும் கர்நாடகம், மகாராஷ்டிரம், கேரளம், தமிழகம் ஆகிய மாநிலங்களின் மலைக்காடுகளுக்கும் உள்ள தொடர்பை அறிந்தவர்கள் குறைவு. அந்தத் தொடர்பைக் கண்டறிந்தவரின் வாழ்க்கை, ஒரு மூலிகை மருந்தாக மாறுவதற்கு எத்தனை படிகளைக் கடக்க வேண்டும் என்பதையும் எடுத்துரைக்கிறது.

மாநிலக் கல்லூரி மாணவர்

கோவிந்தாச்சாரி 1915ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி பிறந்தார். பெயரின் முதல் எழுத்து தூத்துக்குடியைக் குறித்தாலும், அவருடைய கல்வியும் பணியின் பெரும்பகுதியும் சென்னையிலேயே அமைந்தன. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்ற அவர், அங்குப் பேராசிரியராக இருந்த பி.பி.டேயின் வழிகாட்டுதலில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். வங்காளத்தில் இருந்து வந்து மெரினா கடற்கரைக்கு எதிரே ஓர் ஆய்வுக்கூடத்தை வளர்த்தெடுத்தவர் டே. கரிம வேதியியலில் தென்னிந்தியாவில் ஒரு மரபு உருவாக அந்தக் கூடமே அடித்தளமாக அமைந்தது.

1940களின் பிற்பகுதியில் கோவிந்தாச்சாரி அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அக்காலத்தின் புகழ்பெற்ற கரிம வேதியியலாளரான ரோஜர் ஆடம்ஸின் ஆய்வகத்தில், செனேசியோ என்ற தாவர இனத்தில் உள்ள ஆல்கலாய்டுகளை அவர் ஆராய்ந்தார். தாவரங்கள் உருவாக்கும், நைட்ரஜன் கொண்ட காரத்தன்மையுள்ள பொருள்களே ஆல்கலாய்டுகள். செனேசியோ செடிகளில் உள்ளவை, மேயும் கால்நடைகளின் ஈரலைச் சிதைக்கும் நச்சுப் பொருள்கள் ஆகும். தாவரத்தில் இருந்து கிடைப்பது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்ற பாடம், அவர் அங்கு மேற்கொண்ட ஆய்வின் தொடக்கத்திலேயே இருந்தது.

நாடு திரும்பிய அவர், தாம் படித்த மாநிலக் கல்லூரியிலேயே பேராசிரியராகப் பணியேற்றார். பின்னாளில் அக்கல்லூரியின் முதல்வராகவும் பொறுப்பு வகித்தார்.

நஞ்சறுப்பானும் கரிசலாங்கண்ணியும்

1950களில் மாநிலக் கல்லூரி ஆய்வகத்தில் கோவிந்தாச்சாரியும் அவருடைய மாணவர்களும் தேர்ந்தெடுத்த தாவரங்கள் பலவும் தமிழ் மக்கள் அன்றாடம் அறிந்தவை. அவற்றுள் முக்கியமானது நஞ்சறுப்பான் என்ற கொடி. ஆஸ்துமா என்னும் இரைப்பு நோய்க்கு நாட்டு மருத்துவத்தில் பயன்படுத்தப்பட்டு வந்ததால், தாவரவியலாளர்கள் இதற்கு டைலோபோரா ஆஸ்த்மாடிகா என்று பெயரிட்டிருந்தனர். இதில் உள்ள டைலோபோரின் என்ற ஆல்கலாய்டு 1935ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதன் மூலக்கூறு எவ்வாறு கட்டப்பட்டுள்ளது என்பது தெரியாமலேயே இருந்தது.

இன்று ஒரு மூலக்கூறின் அமைப்பைக் கருவிகளின் துணையால் சில நாள்களில் கண்டறிந்துவிட முடியும். அன்று அத்தகைய கருவிகள் இந்தியக் கல்லூரிகளில் இல்லை. பொருளை வேதிவினைகளால் படிப்படியாக உடைத்து, கிடைக்கும் ஒவ்வொரு துண்டையும் அடையாளம் கண்டு, அவை எப்படிப் பொருந்தியிருந்தன என்று ஊகிக்க வேண்டும். அகழ்வாய்வில் கிடைத்த ஓடுகளைக் கொண்டு, கண்ணால் கண்டிராத பானையின் வடிவத்தைச் சொல்வது போன்ற வேலை அது. ஊகம் சரியா என்பதை உறுதிசெய்ய, அதே பொருளை எளிய வேதிப்பொருள்களில் இருந்து ஆய்வகத்தில் உருவாக்கி, இயற்கையில் கிடைத்ததுடன் ஒப்பிட வேண்டும்.

கோவிந்தாச்சாரி, பி.ஆர்.பை, கே.நாகராஜன் ஆகியோர் 1954ஆம் ஆண்டு டைலோபோரின் குறித்த தங்கள் ஆய்வை லண்டன் வேதியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டனர். 1960களின் தொடக்கத்தில் அப்பொருளை ஆய்வகத்தில் தொகுத்துக் காட்டும் பணியும் நிறைவேறியது.

இதே காலத்தில் அவர்கள் கவனம் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் மீதும் சென்றது. அதில் இருந்து கிடைக்கும் வெடலோலாக்டோன் என்ற பொருளின் அமைப்பை 1956ஆம் ஆண்டு அவர்கள் தெளிவுபடுத்தினர். வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் அதே பொருள் இருப்பதை அவர்கள் கண்டனர். வீட்டில் தலைக்கு எண்ணெய் காய்ச்சவும் கீரையாகச் சமைக்கவும் பயன்படும் ஒரு செடியின் உள்ளே இருக்கும் மூலக்கூறின் வரைபடம், சென்னைக் கல்லூரி ஒன்றில் இருந்து உலக ஆய்விதழ்களுக்குச் சென்றது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, புற்றுநோய் உயிரணுக்களின் மீது வெடலோலாக்டோனின் விளைவை வெளிநாட்டு ஆய்வகங்களும் ஆராயத் தொடங்கின. எனினும் அது இன்றுவரை அங்கீகரிக்கப்பட்ட புற்றுநோய் மருந்தாக உருவாகவில்லை.

அறிவியல் துறையில் நாட்டின் உயரிய விருதுகளில் ஒன்றான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது, வேதியியலுக்காக 1960ஆம் ஆண்டு கோவிந்தாச்சாரிக்கு வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே விருதைப் பெற்றவர் கொல்கத்தாவின் அசீமா சட்டர்ஜி. அவரும் இந்தியத் தாவரங்களின் ஆல்கலாய்டுகளை ஆராய்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

முதல் நம்பிக்கையும் முதல் ஏமாற்றமும்

தாவரங்களில் புற்றுநோய் மருந்தைத் தேடும் முயற்சி உலக அளவில் வேகம் பெற்ற காலம் அது. வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடி நீரிழிவைக் கட்டுப்படுத்துமா என்று கனடாவில் ஆராய்ந்தவர்கள், அது வெள்ளை அணுக்களைக் குறைப்பதைக் கண்டனர். அதன் தொடர்ச்சியாக வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் ஆகிய மருந்துகள் உருவாயின. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் தவிர்க்க முடியாத இடத்தில் உள்ளது.

நஞ்சறுப்பானின் உறவுத் தாவரங்களும் இந்தத் தேடலில் இடம்பெற்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பகுதியில் வளரும் டைலோபோரா கொடி ஒன்றில் டைலோகிரெப்ரின் என்ற பொருள் கிடைத்தது. டைலோபோரினுக்கு மிக நெருங்கிய உறவுடைய பொருள் அது. அதன் அமைப்பையும் தொகுப்பு முறையையும் விவரித்து 1962ஆம் ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் கோவிந்தாச்சாரியும் ஒருவர்.

டைலோகிரெப்ரின் 1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆனால் அது மைய நரம்பு மண்டலத்தைப் பாதித்தது. நோயாளிகளுக்கு மனக்குழப்பமும் நடைத் தடுமாற்றமும் ஏற்பட்டதால் சோதனை கைவிடப்பட்டது. ஆய்வகத்தில் புற்றுநோய் உயிரணுக்களைக் கொன்ற ஒரு பொருள், மனித உடலில் பயன்படுத்த முடியாததாக முடிந்தது. நஞ்சறுப்பான் குடும்பத்தில் இருந்து இன்றுவரை அங்கீகரிக்கப்பட்ட புற்றுநோய் மருந்து எதுவும் வெளிவரவில்லை.

மும்பையில் புதிய பொறுப்பு

1963ஆம் ஆண்டு கோவிந்தாச்சாரியின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் ஏற்பட்டது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சீபா மருந்து நிறுவனம், மும்பையின் கோரேகாவ் பகுதியில் அமைத்த ஆராய்ச்சி மையத்தின் முதல் இயக்குநராக அவர் பொறுப்பேற்றார். அரசுக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் தனியார் ஆராய்ச்சி மையத்தின் தலைமைப் பொறுப்புக்குச் செல்வது அன்றைய நாளில் அரிதான நிகழ்வு.

அடிப்படை வேதியியல் ஆய்வையும் மருந்து உருவாக்கத்தையும் ஒரே கூரையின் கீழ் நடத்த அந்த மையம் வாய்ப்பளித்தது. சென்னையில் அவரிடம் பயின்ற மாணவர்கள் சிலரும் அங்கு இணைந்தனர். மனச்சோர்வுக்கான சின்டமில் என்ற மருந்து பின்னாளில் இந்த மையத்தில் இருந்தே உருவானது. இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டு விற்பனைக்கு வந்த புதிய மருந்துகள் மிகச் சிலவே என்பதை நோக்கினால், இதன் முக்கியத்துவம் விளங்கும்.

தாவர ஆய்வையும் கோவிந்தாச்சாரி கைவிடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஆன்சிஸ்ட்ரோகிளாடஸ் என்ற கொடியில் இருந்து ஆன்சிஸ்ட்ரோகிளாடின் என்ற பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1970களின் தொடக்கத்தில் அவரது குழு வெளியிட்டது. அதுவரை அறியப்படாத ஒரு புதிய ஆல்கலாய்டு வகைக்கு அது வாசல் திறந்தது.

துர்நாற்றம் வீசும் மரம்

அமெரிக்காவின் வட கரோலினாவில் மன்ரோ வால், மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வானி ஆகியோர் அடங்கிய குழு, 1966ஆம் ஆண்டு சீன மரமான காம்ப்டோதெக்கா அக்குமினாட்டாவில் இருந்து காம்ப்டோதெசினைப் பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டது. விலங்குகளில் ரத்தப் புற்றுநோய்க்கு எதிராக அது வலுவாகச் செயல்பட்டதால் எதிர்பார்ப்பு உயர்ந்தது. ஆனால் அந்தச் சீன மரத்தில் கிடைத்த அளவு மிகக் குறைவு.

இந்த நிலையில் கோவிந்தாச்சாரியும் என்.விஸ்வநாதனும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மேப்பியா ஃபோயெட்டிடா என்ற சிறு மரத்தை ஆராய்ந்தனர். பூக்களின் துர்நாற்றத்தால் அந்தப் பெயர் பெற்ற மரம் அது. இன்று தாவரவியலாளர்கள் இதனை நோத்தாபோடைட்டஸ் நிம்மோனியானா என்று அழைக்கின்றனர். மகாராஷ்டிரத்தில் மக்கள் இதனை நரக்யா என்பர். இம்மரத்தில் காம்ப்டோதெசினும், அதன் மெத்தாக்சி வடிவமும் இருப்பதாக 1972ஆம் ஆண்டு அவர்கள் அறிவித்தனர். மேப்பிசின் என்ற மற்றொரு பொருளையும் அவரது குழு இதே மரத்தில் கண்டது.

சீன மரமும் இந்த மரமும் வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்றில் உள்ள பொருள் மற்றொன்றிலும் இருக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் ஏதும் இல்லை. அதிலும், சீன மரத்தில் கிடைத்ததைவிடப் பன்மடங்கு கூடுதலான அளவில் அப்பொருள் நரக்யாவில் இருந்தது. இதனால் உலகுக்குக் காம்ப்டோதெசினின் புதிய ஊற்று ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் திறந்தது.

கைவிடப்பட்ட பொருள் மீண்டு வந்த கதை

ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு வெளியான நேரம் சாதகமாக இல்லை. காம்ப்டோதெசின் நீரில் எளிதில் கரையாது. எனவே மருத்துவர்கள் அதன் சோடிய உப்பை நோயாளிகளுக்குச் செலுத்திச் சோதித்தனர். உப்பாக மாற்றும்போது மூலக்கூறில் உள்ள ஒரு வளையம் திறந்துகொள்கிறது. மருந்தின் ஆற்றல் வெகுவாகக் குறைகிறது. அது சிறுநீர்ப்பையை அடையும்போது வளையம் மீண்டும் மூடிக்கொண்டு, அங்கு ரத்தக்கசிவை உண்டாக்குகிறது. எலும்பு மச்சையும் பாதிக்கப்பட்டது. இதனால் 1970களின் தொடக்கத்தில் சோதனைகள் நிறுத்தப்பட்டன. கோவிந்தாச்சாரியின் மரம் அறியப்பட்ட அதே காலத்தில், அந்த மரத்தின் பொருள் கிடப்பில் போடப்பட்டது.

1985ஆம் ஆண்டு நிலைமை மாறியது. காம்ப்டோதெசின் உயிரணுவில் செயல்படும் விதத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். உயிரணு இரண்டாகப் பிரியும் முன் அதன் டி.என்.ஏ. இழைகள் பிரிந்து நகலெடுக்கப்பட வேண்டும். முறுக்கிய கயிற்றைப் பிரிக்கும்போது எதிர்ப்புறத்தில் முறுக்கு ஏறுவதைப் போலவே அங்கும் நிகழ்கிறது. அந்த முறுக்கைத் தளர்த்த, டோபோஐசோமரேஸ்-1 என்ற நொதி ஓர் இழையை வெட்டி, தளர்த்திய பின் மீண்டும் ஒட்டுகிறது. காம்ப்டோதெசின் அந்த ஒட்டும் வேலையைத் தடுத்துவிடுகிறது. வெட்டுப்பட்ட இழையுடன் பெருக முயலும் புற்றுநோய் உயிரணு அழிகிறது.

செயல்படும் இடம் தெரிந்ததும், நீரில் கரையக்கூடியதும் வளையம் சிதையாததுமான மாற்று வடிவங்களை வேதியியலாளர்கள் உருவாக்கினர். ஜப்பானில் உருவான இரினோடீகன், டோபோடீகன் ஆகிய இரண்டுக்கும் 1996ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. இரினோடீகன் தற்போது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

மரத்தில் கண்டறிந்ததில் இருந்து அமெரிக்க ஒப்புதல் கிடைப்பதற்கு 30 ஆண்டுகள் ஆயின. அப்போதும் மருந்தானது மரப்பட்டைச் சாறு அன்று. திருத்தி அமைக்கப்பட்ட மூலக்கூறு. அதற்கும் கடும் வயிற்றுப்போக்கு, வெள்ளை அணுக் குறைவு போன்ற பக்கவிளைவுகள் உண்டு. ஆகவே மருத்துவர்கள் அளவைக் கணக்கிட்டு, கண்காணிப்பில் மட்டுமே அதனை அளிக்கின்றனர்.

கண்டுபிடிப்பின் விலை

மருந்துக்கான தேவை பெருகியதும் மேற்குத் தொடர்ச்சி மலை அதன் விலையைக் கொடுத்தது. ஏற்றுமதிக்காக நரக்யா மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. மகாராஷ்டிரத்தின் மலைக்காடுகளில் இழப்பு கடுமையாக இருந்தது. பட்டையிலும் வேரிலும் பொருள் செறிந்திருப்பதால், அறுவடை என்பது பெரும்பாலும் மரத்தையே அழிப்பதாக முடிந்தது. இயற்கையில் இதன் எண்ணிக்கை சரிந்ததால், அழிவை எதிர்நோக்கும் மூலிகைத் தாவரங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

இதற்கு மாற்று தேடும் முயற்சியில் பெங்களூருவுக்குப் பங்கு உண்டு. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மலைத்தொடரின் பல பகுதிகளில் இம்மரங்களை ஆய்வு செய்து, எந்த மரத்தில் எவ்வளவு காம்ப்டோதெசின் உள்ளது என்று அளந்தனர். பொருள் செறிந்த மரங்களை அடையாளம் கண்டு பயிரிட்டால், காட்டைத் தொட வேண்டிய தேவை குறையும் என்பதே இதன் நோக்கம். மரத்தின் திசுக்களுக்குள் வாழும் பூஞ்சைகளும் காம்ப்டோதெசினை உருவாக்குவதாக 2005ஆம் ஆண்டு ஜம்மு ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு அறிவித்தது. எனினும், ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கும்போது பூஞ்சைகளின் அந்தத் திறன் குறைந்துவிடுவது இன்னும் தடையாகவே உள்ளது.

வேம்பில் நிறைந்த கடைசி ஆண்டுகள்

கோவிந்தாச்சாரி 1975ஆம் ஆண்டு சீபா பணியில் இருந்து ஓய்வு பெற்றுச் சென்னை திரும்பினார். ஆனால் ஆய்வகத்தில் இருந்து அவர் ஓய்வு பெறவில்லை. அமிர்தாஞ்சன் நிறுவனத்தின் ஆய்வகத்தில் தாவர வேதியியல் பணியைத் தொடர்ந்தார். பின்னர், 70 வயதைக் கடந்த நிலையில், ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையில் இணைந்து வேம்பை ஆராயும் குழுவை வழிநடத்தினார்.

வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள், பூச்சிகளைப் பயிரை உண்ணவிடாமல் தடுப்பது. அதனையும் அதனோடு கலந்திருக்கும் நெருங்கிய உறவுப் பொருள்களையும் தனித்தனியே தூய்மையாகப் பிரிக்கும் முறைகளை அவரது குழு வகுத்தது. மாநிலக் கல்லூரி நாள்களில் இல்லாத நவீனக் கருவிகள் அப்போது அவருக்குக் கிடைத்தன. ஆனால் கேள்வி மாறவில்லை: பயன் தருவது எந்தப் பொருள், அது எப்படிக் கட்டப்பட்டுள்ளது, எவ்வளவு இருக்கிறது என்பதே அது.

2001ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி, தமது 86ஆவது வயதில் கோவிந்தாச்சாரி காலமானார். ஐந்து பதிற்றாண்டு இயற்கைப்பொருள் ஆய்வைத் தொகுத்து அவர் எழுதிய கட்டுரை, அவருடைய மறைவுக்குப் பின் 2002ஆம் ஆண்டு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியானது.

இன்று எஞ்சும் பாடம்

நித்தியகல்யாணி, இமயமலைப் பகுதியின் பொடோபில்லம், பசிபிக் யூ மரம், காம்ப்டோதெசின் தரும் மரங்கள் ஆகியவை இன்றைய புற்றுநோய் மருத்துவத்துக்குத் தாவர உலகம் அளித்த முக்கியக் கொடைகள். இவற்றுக்கு அப்பால், ஆய்வகத்தில் நம்பிக்கை அளித்து மருத்துவமனையை எட்டாமல் நின்ற பொருள்கள் எண்ணற்றவை. கோவிந்தாச்சாரியின் கையில் இரண்டு வகையும் இருந்தன. டைலோகிரெப்ரின் நின்றுவிட்டது; காம்ப்டோதெசின் சென்று சேர்ந்தது. இரண்டையும் வேறுபடுத்தியது நம்பிக்கையோ பழம்பெருமையோ அன்று. நோயாளிகளிடம் நடந்த முறையான சோதனையே.

புற்றுநோயைக் குணப்படுத்தும் இலை, வேர், கஷாயம் என்ற செய்திகள் கைப்பேசிகளில் நாள்தோறும் பரவுகின்றன. அவற்றை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் இழப்பது, நோயின் தொடக்க நிலையில் கிடைக்கும் விலைமதிப்பற்ற காலத்தை. ஒரு மூலிகையில் மருந்து இருக்கலாம் என்பதை வாழ்நாள் முழுவதும் நம்பி உழைத்த வேதியியலாளரின் பணியே, மூலிகை வேறு, மருந்து வேறு என்பதற்கும் சான்றாக நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் எஞ்சியுள்ள நரக்யா மரங்களைக் காப்பது, அடுத்த மருந்துக்கான வாய்ப்பைக் காப்பதும் ஆகும்.